எண்பத்தெட்டு

குடைவெட்டுப் பாவாடைக்கும்
ஐம்பது சிசி வண்டியின் புகைக்குழாய்க்கும்
வெட்டுக்கணக்கு ஒன்றுதான்.
பகலெல்லாம் தையல் ஆலையில்
இடுப்பு, இறக்கம், விரிவு என்று வரைகிறேன்.
இரவில் அதே காகிதம், அதே பென்சில்,
துணிக்குப் பதில் தகரம்:
செத்துப்போன சலவை இயந்திரத்தின் விலாப்புறம்.

ஒன்பது கூம்புகள்.
ஒன்றோடொன்று சேரும் இடமெல்லாம் வெல்டிங் தையல்.
"நெருப்பிலும் உனக்கு ஓரம் மடிக்க வருகிறதே, ஸ்தென்கா"
என்பான் லுதேக்.
அவன் பாராட்டு அவ்வளவுதான்.
அதற்கும் ஒரு பீர் கேட்பான்.

விரிந்து விரிந்து
பிறகு சட்டென்று குறுகும் அந்த வயிற்றில்
நடப்பது இது:
எரிந்த மூச்சு வெளியே ஓடுகிறது.
அதன் வாலைப் பிடித்துக்கொண்டு
எரியாத பெட்ரோலும் கொஞ்சம் நழுவிவிடுகிறது.
கடைசிக் கூம்பில் முட்டிய சத்தம் திரும்பி வந்து
எங்கே கிளம்பிவிட்டாய் என்று
அதைப் பிடரியில் தள்ளி உள்ளே விட்டுக்
கதவைச் சாத்துகிறது.
வேளைக்கு வந்தால் பன்னிரண்டாயிரம் சுற்று.
அரை விரல் நீளம் பிசகினால்
வெறும் இரைச்சல்,
மாடிவீட்டு ஹவ்ரானேக் அம்மாளின் சாபம்.

மொராவியாவில் ஜூன் கடைசி.
பிளம் மரச் சாலை, தேவாலயச் சுவர், பாலம்,
மூலைக்கு மூலை வைக்கோல் கட்டு.
நண்பகல் ஒத்திகையில் வெயில் கொளுத்தியது.
ப்ளக்கைக் கழற்றினால் கரி.
"தொண்ணூற்றிரண்டை எடு,
எண்பத்தெட்டைப் போடு" என்றான்.
போட்டேன்.
பித்தளை ஜெட்டில் முடி நுழையும் துளை,
நாலு எண் சிறியது.
வண்டி பறந்தது. மறுக்கவில்லை.

பிறகுதான் பாலத்தில்
சைடுகார் ஒன்று எண்ணெயைக் கொட்டியது.
மரத்தூள் வந்தது, துடைப்பம் வந்தது,
எந்தத் துடைப்பம் யாருடையது என்ற சண்டை வந்தது.
இரண்டு மணி நேரம்.
மதுவாலையின் கூரைக்குப் பின்னால் வெயில் இறங்க
நான் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டேன்.

குளிர்ந்த காற்று கெட்டி.
எஞ்சின் அதை வாய்நிறைய விழுங்கும்;
எண்பத்தெட்டோ அளந்துதான் ஊற்றும்.
பசித்த எஞ்சின் முதலில் வேகமாக ஓடும்.
அப்புறம் தன்னையே தின்னும்.

"தொடாதே" என்றான்.
ஹெல்மெட்டை வைத்துவிட்டு
மரத்துக்குப் பின்னால் ஒதுங்கினான்.
கிண்ணத்தைக் கழற்றினேன்.
விரலிடுக்கில் பெட்ரோல் சில்லிட்டது.
அவன் பொத்தான் மாட்டிக்கொண்டு வருவதற்குள்
தொண்ணூற்றிரண்டு உள்ளே,
எண்பத்தெட்டு என் கோட்டுப் பையில்.

எட்டுச் சுற்று.
ஐந்தாவதில் முதல் வண்டி
வீறிட்டது, நின்றது.
ஆறாவதில் இன்னொன்று: பிஸ்டன் பிடித்து,
பின்சக்கரம் பூட்டி,
வைக்கோலுக்குள் ஒரு ஜோடி பூட்ஸ்.
(ஆள் எழுந்தான். நொண்டினான். கெட்ட வார்த்தை சொன்னான்.)
லுதேக் மூன்றாவதாக வந்தான்.

"மேலே இழுக்கவே இல்லை!
உன் பாவாடையில் எங்கோ ஓட்டை!"
கையுறையை எறிந்தான்.
ப்ளக்கைக் கழற்றி நீட்டினேன்:
ரொட்டியின் மேல்தோல் போலப் பழுப்பு,
பாடப்புத்தகத்தில் ஒட்டலாம்.
அவன் பார்க்கவில்லை.
பரிசாக வந்த தொத்திறைச்சி மாலையைக்
கழுத்தில் போட்டுக்கொண்டு
யாரோ கூப்பிட்ட பக்கம் போனான்.

சொல்லியிருக்கலாம்.
போன சொல் எங்கோ முட்டித்
திரும்பி வரும் நேரத்தைக்
கணக்கிடத் தெரியவில்லை எனக்கு.

திங்கட்கிழமை ஆலை உணவகத்தில்
சூப்புக்குச் சில்லறை எண்ணிக் கொடுத்தேன்.
கல்லாவில் இருந்த பெண்
ஒன்றை மட்டும் விளக்கில் உயர்த்திப் பார்த்தாள்.
"நடுவில் ஓட்டை. எந்த நாட்டுக் காசு?"
"செல்லாது" என்றேன். வாங்கிக்கொண்டேன்.

புகைக்குழாயின் வாலை
மூன்று மில்லிமீட்டர் வெட்டச் சொல்லியிருக்கிறான்.
வெட்டிவிட்டேன் என்று
நாளைக்குச் சொல்ல வேண்டும்.