ஊக்கு

மின்சாரம் போனது எட்டு இருபதுக்கு.
வந்தது எட்டு முப்பத்தொன்றுக்கு.
மற்ற நாளில் எங்கள் பாடியில் போனால்
விடியும்வரை வராது.
அன்று கணக்காக வந்தது,
யாரோ சுவிட்சுக்குப் பக்கத்திலேயே நின்றதுபோல.

கல்லிச்சால் ஃபேக்டரி கேட் முன்னால்
இருபத்து மூன்றாம் நாள்.
கூலி பாக்கி என்று கத்தின வாயை
அவர்கள் தொடவில்லை.
பலகையைப் பிடுங்கவில்லை.
குரங்குக் குல்லா இழுத்துவிட்ட முகங்கள்
நேராக ரவிக்கைக்கு வந்தன.
மூடுபனியில் கொழுந்து கிள்ளுகிறவர்களுக்குத் தெரியும்
தடவித் தேடுகிற கை எது
இடம் தெரிந்து வருகிற கை எது.

வெளிச்சம் வந்தபோது
யோகமலர் கேட்டுக் கம்பியைப் பிடித்தபடி நின்றாள்.
தோளிலிருந்து விலாவரை கிழிசல்.
"ஊக்கு இருக்கா?"
என் வளையலில் தொங்கியதில் இரண்டைக் கழற்றினேன்.
குத்திவிடும்போது என் கை நடுங்கியதை
குளிர் என்று நினைத்திருப்பாள்.

ஸ்டேஷனில் ரைட்டர் கேட்டார்:
"எந்தக் கை? வலதா இடதா?"
"இருட்டுக்கு ஏதுங்க வலது?"
சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள்,
ரேஷன் கடைச் சீட்டைவிடச் சின்னது.

சங்கத்துச் செயலாளர் தொண்டையைச் செருமினார்:
"திங்கக்கெழம பேச்சுவார்த்தை.
இந்த விஷயத்தை இப்ப கலக்க வேணாம்."
தேயிலையில் புளியங்கொட்டைத் தூள் கலக்கிறவர்களிடம்
பேசுகிற குரல்.
நான் தலையாட்டினேன்.
அதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

யார் யாரிடம் சொன்னார்களோ.
இலை லாரியில் ஏறிய சேதி
எருமாடு தாண்டிப் பத்தேரி போயிருக்கிறது.
ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் ஆமினா,
அவளோடு காப்பித் தோட்டத்துக்காரிகள் ஆறு பேர்.
கோத்தகிரியிலிருந்து பஸ் மாறி மாறி
வெள்ளை முண்டு கட்டிய மூன்று படுகப் பெண்கள்;
சொந்தமாய் இரண்டு ஏக்கர் உள்ளவர்கள்,
பச்சை இலைக்கு விலை கேட்டு மறியல் செய்தவர்கள்,
அதுவரை எங்களைத் திரும்பிப் பார்த்ததில்லை.
ஓடைக்கு அந்தப் பக்கமிருந்து வெள்ளச்சி.
குண்டுலுப்பேட்டையிலிருந்து காலி வெங்காய லாரியில்
சிக்கதாயம்மாவும் எட்டுப் பேரும்,
முந்தானையெல்லாம் வெங்காயத் தோல்.

சிக்கதாயம்மா எதுவும் விசாரிக்கவில்லை.
அந்த ரவிக்கையைக் கேட்டாள்.
துவைக்காமல் வைத்திருந்ததை
ஃபேக்டரி கேட்டில் கட்டினார்கள்.
தாலிக்கொடியில் கிடந்த ஊக்கைக் கழற்றி
கிழிசலில் குத்திவிட்டு
"நனகூ" என்றாள்.
ஆமினா குத்தினாள்: "எனிக்கும்."
படுகப் பெண்களில் மூத்தவள் ஒன்றும் சொல்லவில்லை,
குத்திய இடத்தை விரலால் அழுத்தி நின்றாள், வெகுநேரம்.
வெள்ளச்சியிடம் ஊக்கு இல்லை.
என்னிடம் ஒன்று வாங்கினாள்.
பிறகு வந்தவர்களுக்கும் நான்தான் கொடுத்தேன்.
கொடுத்துக்கொண்டே இருப்பது
வசதியாக இருந்தது.

ஒன்பது மணிக்கு பந்திப்பூர் கேட் மூடிவிடுவார்கள்,
இரவு யானைக்கு உரியது.
குண்டுலுப்பேட்டைக்காரிகள் திரும்ப முடியாது.
அவர்கள் தங்கினார்கள் என்று எல்லோரும் தங்கினார்கள்,
பிள்ளைமடுவத்தில், தொட்டில் கயிறுகளுக்குக் கீழே.
கம்பளி போதவில்லை.
ஆமினா குறட்டை விட்டாள்.
வளையலில் ஒன்று மிச்சம் இருந்தது.
ஊக்கு: பெயரும் உண்டு, வினையும் உண்டு.
ஏழாம் வகுப்போடு நின்றுபோன இலக்கணம்.

மின்சாரம் போனது. எப்போதும்போல, சும்மா.
நான் சொன்னேன்: "எனக்கும்."
யாரிடம் சொன்னேன் என்று தெரியவில்லை.
குறட்டை நின்றது.
ஒரு கை வந்தது,
தடவித் தேடுகிற கை.
முதலில் என் மூக்கைத் தொட்டது,
பிறகு கம்பளியை,
பிறகு என் மணிக்கட்டைக் கண்டுபிடித்தது.
வெங்காய வாசனை.

ஆறு மணிக்குப் பாதை திறந்தார்கள்.
லாரி வடக்கே போகவில்லை.
ஸ்டேஷன் வாசலில்
எங்களை எண்ணி எண்ணித் தப்பவிட்டார் ரைட்டர்.
யோகமலர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.
"மொதல்ல பேனாவுல மை இருக்கா பாருங்க சார்."