கேப் டைம்

பெரம்பூர் பேப்பர் மில்ஸ் ரோட்டில்
மெட்ரோ தோண்டிய பள்ளத்துக்கு எதிரே
தகரத் தடுப்பு பாதி மறைத்த போர்டு:
‘நியூ மங்க’.
மிச்ச எழுத்தெல்லாம் தூசிக்குப் பின்னால்.

ஞாயிறு, பதினொன்றே கால்.
இட்லி முடிந்துவிட்டது.
சாப்பாடு பன்னிரண்டுக்கு மேல்தான்.
இந்த வேளைச் சாப்பாட்டுக்கு
என்னிடம் பெயரில்லை.
சப்ளையர் பிகாஷ் மட்டும்
“கேப் டைம் சார்” என்கிறான்.
ஒடிசாவிலிருந்து வந்து இரண்டு வருஷம்.
அதற்குள் கிடைத்துவிட்டது அவனுக்கு.

சுகந்தி உட்கார மாட்டாள்.
நின்றபடியே ஒரு காபி, சர்க்கரை கம்மி.
டம்ளர் சூட்டைத் துப்பட்டா நுனியில் பிடித்தபடி
ஒப்பிப்பாள்:
மாத்துத் துணி, இன்ஹேலர்,
கணக்கு ஹோம்வொர்க் பதினாலாம் பக்கம்,
ஐஸ் வேண்டாம், ப்ளீஸ்.
அந்த ‘ப்ளீஸ்’ புதிது.
ஒன்பது வருஷக் கல்யாணத்தில்
என்மேல் அவள் செலவழிக்காத சொல்.

ஆதிரைக்குப் பூரி.
ஊதி நிற்பதை உடனே குத்திவிட மாட்டாள்.
கன்னத்தைப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சூடு பார்ப்பாள்.
காது வைத்துக் கேட்பாள்.
அப்புறம் சுண்டுவிரல்.
“அப்பா, உள்ள யாருமே இல்ல.”
போன வாரமும் இல்லை.
அதற்கு முந்தின வாரமும்.

பகலை எப்படியோ கழித்தோம்.
ஒற்றை அறை, ஒரு ஃபேன்,
பதினாலாம் பக்கத்தில் கடன் வாங்கிக் கழித்தல்,
என் வயிற்றின் மேல் அவள் கால் போட்டுத் தூங்கிய
ஒரு மணி நேரம்.

இரவு எட்டு. அதே ஓட்டல், வேறு ஊர்.
கொத்து பரோட்டாவுக்குத் தவா அதிர்கிறது.
ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாலும்
அடுத்த குடும்பம் நிற்கிறது,
நம் இலையில் இன்னும் எத்தனை வாய் என்று
எண்ணியபடி.
அழைத்துப்போக வந்த சுகந்தியைப் பார்த்து
சாம்பார் வாளியோடு பிகாஷ் கத்தினான்:
“வழியில நிக்காதீங்க மேடம், உக்காருங்க!”
உட்கார்ந்துவிட்டாள்.
நான்கு மாதமாக நான் கேட்காததை
ஒரு வாளி கேட்டது.

நெய் ரோஸ்ட் கூம்பாக வந்தது.
ஆதிரை அதை மைக்காக்கி
“ஹலோ, ஹலோ, டெஸ்டிங்” என்றாள்.
பக்கத்து மேஜைக் குழந்தை ஒன்று
அதே மாதிரி வேண்டுமென்று அழுதது.
நான் தேங்காய்ச் சட்னி தொட மாட்டேன்.
சுகந்தியின் கை வந்து
என் கிண்ணத்தைப் பாதி தூரம் இழுத்தது,
பிறகு ஞாபகம் வந்து
நின்றது.
மீதித் தூரம் நான் தள்ளினேன்.
மூன்று பேரும் ரோஸ்ட்டைத் தின்றோம்,
மூன்று பக்கத்திலிருந்து.

பென்சிலைக் காதிலிருந்து எடுத்தான் பிகாஷ்.
“பில் ஒண்ணாவா, தனித்தனியாவா?”
நாங்கள் இருவரும் சோம்புத் தட்டைப் பார்த்தோம்.
“நான் யாரு பில்லு?” என்றாள் ஆதிரை,
வாயில் சர்க்கரை போட்ட சோம்போடு,
வெறுமனே, தெரிந்துகொள்ள.

பின்னால் நின்றவர்
அதற்குள் என் நாற்காலி முதுகைப் பிடித்திருந்தார்.
எழுந்துதான் ஆகவேண்டும்.
பிகாஷ் எதையோ எழுதினான், ஒரே தாள்.
கல்லாவில் நான் இருநூறு ரூபாய்த் தாளை நீட்ட,
மிச்சத்துக்கு அவள் போனைக் காட்டினாள்.
“நூற்று அறுபது ரூபாய் பெறப்பட்டது” என்று
சின்னப் பெட்டி ஒன்று
ஓட்டலுக்கே அறிவித்தது.
என் இருநூறைப் பற்றி
அது ஒன்றும் சொல்லவில்லை.

ஆட்டோவில் ஏற்றிவிட்டுத் திரும்பினேன்.
சட்டைப் பையில் என்னவோ இடித்தது.
இன்ஹேலர்.
ஓடலாமா என்று பார்த்தால்
ஆட்டோ அங்கேயே நிற்கிறது,
ஒற்றை வழியாக்கிய சாலையில்,
லாரிக்கும் தண்ணீர் டேங்கருக்கும் நடுவே.
பின்பக்கத் திரை இடுக்கில் இரண்டு கண்.

அவசரமில்லாமல் நடந்தேன்.
மெட்ரோ வேலை முடிய
இன்னும் இரண்டு வருஷம் ஆகுமாம்.