நிலை: மூடப்பட்டது

என் அறையில் ஏசி உண்டு.
ஜன்னலுக்கு வெளியே நான்கடுக்குக் கன்டெய்னர்கள்.
அவற்றுக்கும் மேலே மணலி ஆலையின் சுடர்,
பகலிலும் அணையாமல்.

கேட்டுக்குப் பக்கத்தில் நீலப் பெட்டி.
திங்களும் வியாழனும் திறப்பேன்.
லாரி ரசீதின் பின்பக்கம், பீடிக்கட்டுத் தாள்,
ஒருமுறை கல்யாணப் பத்திரிகையின் கிழிந்த பாதி;
மணமகன் பெயருக்குக் கீழே
"கிரேன் மூணுல ஹாரன் இல்ல."

எழுத்துக் கூட்டிப் படித்து
கணினியில் ஏற்றுவது என் வேலை.
எண், நாள், இடம், நிலை.
ஏழு நாள் தாண்டினால் வரி சிவப்பாகும்.
சிவப்பு, மேலாளர் வரதராஜுலுவுக்கு ஆகாது.
ரத்த அழுத்தம்.

நூற்று எண்பத்தாறு:
"பி வரிசை மழைநீர்க் குழி. மூடி காணோம்.
சூசைநாதன், லாஷிங்."
பராமரிப்புக்கு அனுப்பினேன்.
பராமரிப்பு கொள்முதலுக்கு அனுப்பியது.
மூடி உடைந்ததா, திருடுபோனதா
என்று கேட்டது கொள்முதல்.
அந்தக் கேள்வியிலேயே ஆறு நாள் போயிற்று.
ஏழாம் நாள் சாயங்காலம்
வரதராஜுலு என் தோள்மேல் குனிந்து
"அதான் அனுப்பிட்டோம்ல, மூடுப்பா" என்றார்.
மூடினேன்.
வரி பச்சையானது.

வியாழன், அதே கையெழுத்து:
"மூடல."
திங்கள்: "இன்னும் மூடல."
பிறகு ஒடியாவில் ஒன்று.
எனக்குத் தெரியாத எழுத்து,
ஆனால் ஒரு வட்டம் போட்டு
அதற்குள் ஒரு கால் வரைந்திருந்தது.
படித்துவிட்டேன்.
மூடிய புகாரை மறுபடி ஏற்றக் கூடாது என்பது விதி.
துண்டுகள் டிராயரில் சேர்ந்தன.

கார்த்திகையில் மூன்று நாள் விடாத மழை.
கம்பெனி வேன் வரவில்லை.
ராத்திரி பி வரிசை வழியாகக் குறுக்கே நடந்தேன்.
கணுக்கால் மூழ்கும் தண்ணீர்,
விளக்கொளியில் டீ நிறம்,
எங்கும் ஒரே மட்டம்.
குழியின் எண் எனக்கு மனப்பாடம்.
குழி எங்கே என்று தெரியவில்லை.

"யாருப்பா, அங்கயே நில்லு."

ஆரஞ்சுக் கோட்டு. கையில் லாஷிங் கம்பி.
தரையைத் தட்டித் தட்டி வந்தவர்
என் முன்னால் இரண்டடியில் கம்பியை விட்டார்.
இறங்கியது.
இறங்கியது,
அவர் முழங்கை நனையும்வரை.
"நட்டு வெச்ச கொம்ப வெள்ளம் அடிச்சிட்டுப் போயிடுச்சு.
அதான் நிக்கிறோம், மணிக்கு ஒரு ஆளு.
நீ எந்த செக்‌ஷன்?"
ஆபீஸ் என்றேன்.
"அப்ப பாத்துப் போ."

மூடியாக நிற்பதற்கு
ஓவர்டைம் படிவத்தில் கட்டமில்லை.

நனைந்த பேன்ட்டோடு திரும்பி மாடி ஏறினேன்.
நிலையை மாற்றினால் காரணம் கேட்கிறது கணினி.
"பார்த்தேன்" என்று தட்டினேன்.
முப்பத்தொன்பது நாள் ஒரே நொடியில் சிவந்து
தலைமை அலுவலகத் திரைவரை போனது.

வரதராஜுலு இரண்டு நாள் பேசவில்லை.
மூன்றாம் நாள் மூடி வந்தது.
வார்ப்பிரும்பு.
விட்டத்தில் ஒரு விரல் குறைவு.

இப்போது வண்டி ஏறும்போதெல்லாம்
ஏசி அறைவரை கேட்கிறது: டங்.

இன்று வியாழன்.
பெட்டியில் ஒரே ஒரு துண்டு.
"மூடி ஆடுது. சூசைநாதன்."
இருநூற்றுப் பதிமூன்று என்று எண் போட்டேன்.
நிலைக் கட்டத்தை வெறுமையாக விட்டு,
ஆணியில் இரண்டு வருஷமாய்த் தொங்கும்
ஹெல்மெட்டின் தூசியைத் தட்டுகிறேன்.
வார் அளவு சரியில்லை.