கடைக்கண்

பெருநாளன்று போனில் எடுத்த படம்.
ஏழு கண் சிவப்பு.
றிஸ்மினாவின் இடது கண் மட்டும் வெள்ளை.
வெளிச்சம் பட்டதென்று நினைத்தோம்.

மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில்
கண்மணி விரியப் பிள்ளைக்குச் சொட்டு விட்ட கையோடு
"தாய் தகப்பனும் இருங்க" என்றார் டொக்டர்.

நான் சம்மாந்துறையில் வட்டவிதானை.
எந்த மதகு எத்தனை மணிக்குத் திறக்கும்,
எவன் இரவில் வரம்பை வெட்டுவான்,
எல்லாம் தெரியும்.
கைநரம்பில் மஞ்சள் மருந்து ஏற்றி
என் கண்ணை எனக்கே காட்டினபோதுதான் பார்த்தேன்:
கிளை கிளையாய் ஓடிய வாய்க்கால்கள்
விளிம்புக்குக் கொஞ்சம் முன்னால்
சட்டென்று நின்றிருந்தன.
அதற்கப்பால் தண்ணி காணாத வட்டை.
நாற்பத்தொரு வருசம்
ஒரு முறைப்பாடும் வைக்காத கடைமடை.

"உங்களுக்கு இவ்வளவோட நின்றிட்டு.
பிள்ளைக்கு நிற்கல்ல."

கருவில் இரத்தக்குழாயிடம்
இன்னும் போ, இன்னும் போ என்கிற ஒரு மரபணுவாம்.
என்னுடைய இரண்டு பிரதியில் ஒன்றில்
ஒரு எழுத்துப் பிழை.
பிள்ளைக்குப் போகலாம், போகாமலும் விடலாம்,
பாதிக்குப் பாதி.

எங்கள் பக்கத்தில் குடி தாய்வழி.
பிள்ளை மாந்திரா குடி, உம்மாவைப் போல.
இருக்கிற வீடும் மர்ழியாவின் சீதனம்.
வாப்பாவிடமிருந்து என்ன வருமென்று
யாரும் கேட்டதில்லை.
நானும் கேட்டதில்லை.

இடது கண்ணின் திரை கழன்றுவிட்டது.
வலதுக்கு லேசர்.
தண்ணி போகாத ஓரம் சும்மா கிடக்காதாம்;
கேட்டுக் கேட்டுக் கோணல் குழாய்களை முளைக்க வைக்கும்,
அவை கசியும், இழுக்கும்.
காய்ந்த இடத்தைச் சுட்டுவிட வேண்டும்
இனிக் கேட்காதபடிக்கு.

கடைமடைக்காரன் தண்ணி கேட்டு வந்தால்
அவன் வயலுக்கு நெருப்பு வைக்கிற விதானையை
நான் கண்டதில்லை.
கையெழுத்து வைத்தேன்.

களுவாஞ்சிகுடி தாண்டும்வரை மர்ழியா பேசவில்லை.
பிறகு பிள்ளையின் தலையைத் திருப்பிப் பிடித்து
"அங்க பாருங்க, கொக்கு" என்றாள்.
எந்தப் பக்கம் திருப்ப வேண்டுமென்று
அதற்குள் அவள் பழகியிருந்தாள்.

நிந்தவூர் ராத்தாவுக்கு மூன்று பிள்ளைகள்.
மூத்தவனுக்குப் பந்து பிடிக்க வராது,
பராக்கு என்று ஏசுவோம்.
வரம்பில் நின்று
ஊருக்கே தண்ணிமுறை கூவுகிற தொண்டை எனக்கு.
ராத்தாவின் நம்பரை எடுத்து வைத்திருந்தேன்.
திரை இருண்டது.
விரலால் தட்டி எழுப்பினேன்.
திரும்பவும் இருண்டது.