எண்ணூறு ரூபாய்

தாவரக்கெரே ஜெராக்ஸ் கடையில்
முதல் சனிக்கிழமை பதினோரு பிரதி.
ஆறு என் அறையிலேயே கிடந்தன.

எந்த மெஸ்ஸில் சாம்பார் நீர்த்திருக்கிறது,
எங்கே மூன்றாவது சப்பாத்திக்கு முறைக்கிறார்கள்.
ஒரே பக்கம், என் கோணல் கையெழுத்து.

இப்போது முந்நூற்று நாற்பது.
பிஜி வாசல்களில் யாரோ
எனக்கு முன்பே நகலெடுத்து ஒட்டுகிறார்கள்.
மடிவாளா பஸ்ஸில் ஒருவன்
என் வரியை எனக்கே சொன்னான்,
கொஞ்சம் மாற்றி, நன்றாகவே.

நேற்று குணவதி மெஸ்காரர்
கடைசிக் கட்டத்தில் விளம்பரம் கேட்டு
எண்ணூறு தந்தார். மஞ்சள் கறை படிந்த நோட்டுகள்.
என் எழுத்து சம்பாதித்த முதல் காசு.
சட்டைப்பையை இரண்டு முறை
தொட்டுப் பார்த்தேன்.

இன்று அங்கே சாப்பிட்டேன்.
ரசம் முந்தாநாளுடையது.

இரவு பதினொன்றரை.
'குணவதி மெஸ்ஸில் மின்விசிறிகள்
நன்றாகச் சுற்றுகின்றன'
என்று எழுதிவிட்டுப்
பேனாவை மூடாமல் உட்கார்ந்திருக்கிறேன்.