மிஞ்சிய வாஷர்

ஃபைரூஸ் பெட்டியாகவே வாங்கினான்.
நுரைக்குழிக்குள் ஒவ்வொரு போல்ட்டும்
எண்ணோடு படுத்திருந்தது.
காக்கி புக்கிட்டில் ஒரு மதியம்.
மழை விடுவதற்குள் முடிந்துவிட்டது.

எனக்கு எட்டு மாதம்.
ஸ்பிரிங் சின் மிங்கில்.
குழாய் ஜொகூரில்,
திரும்புகையில் பாலத்திலேயே மூன்று மணி நேரம்.
பிரேக் காலிப்பர்,
பத்தாண்டு முடிந்து நசுங்கப்போன
சிவப்பு வண்டியிலிருந்து.
அதன் பின்கண்ணாடியில் இன்னும்
'குழந்தை உள்ளே' ஒட்டியிருந்தது.

கூட்டிப் பார்த்தால்
அவனைவிட நானூறு வெள்ளி அதிகம்.
நளாயினியிடம் சொல்லவில்லை.

எல்லாம் பூட்டியபின் ஒரு வாஷர் மிஞ்சியது.
எதனுடையதென்று இன்றுவரை தெரியாது.
ஒருநாள் சில்லறையோடு காப்பிக்கு நீட்டிவிட்டேன்.
கடைக்காரர் அதை மட்டும் தள்ளிவைத்தார்.

என் வண்டிக்கும் சிஓஇ
இன்னும் பதினான்கு மாதம்தான்.
ஸ்பேனரோடு எவனாவது வருவான்.
அவனுக்கென்று
சாம்பல் தட்டில் போட்டுவைத்திருக்கிறேன்.