கூடுதல் விவரங்கள்

வீட்டைப் பிரிக்க ஒரு மணி நேரம்தான் ஆனது.
படகு அவனுக்கு, உறைபெட்டி எனக்கு.
நாய் முன்பே தானாக முடிவெடுத்துச் செத்துப்போயிருந்தது.
கார்களிடம் வந்தபோது
லூலியோவிலிருந்து வந்த வழக்கறிஞர்
பேனாவை மூடிவிட்டு ஜன்னலைப் பார்த்தார்.

அறுபத்து மூன்றாம் ஆண்டின் சாப்.
அறுபத்து நான்காம் ஆண்டின் வால்வோ.
வாங்கியது இருவரும், துருவைச் சுரண்டியது இருவரும்.
எது யாருடையதென்று எந்தத் தாளிலும் இல்லை.

சிக்ஸ்டன் எண்களின் ஆள்,
மரக்கிடங்கு எடைமேடையில் முப்பது வருடம்.
தாளின் நடுவே கோடு கிழித்தான்.
சாப்: மூன்று சிலிண்டர், எண்ணூற்று நாற்பத்தொரு சிசி,
முப்பத்தெட்டுக் குதிரைத்திறன்.
வால்வோ: நான்கு சிலிண்டர்,
ஆயிரத்து எழுநூற்று எழுபத்தெட்டு,
எழுபத்தைந்து.
"கழித்துப் பார், குன்வோர்" என்றான்.

முப்பத்தேழு குதிரைகள் மிச்சம்.
எங்கே கட்டுவது அத்தனையையும்,
ஏழு மாதம் பனி, புல்லே கிடையாதே என்றேன்.
வழக்கறிஞர் மட்டும் சிரித்தார்.

சாப் எஞ்சினில் அசையும் உறுப்புகள் ஏழே ஏழு.
சமையல் மேசையில் பரப்பி எண்ணியிருக்கிறேன்,
கரண்டிகளைவிடக் குறைவு.
ஆனால் ஆயிலைப் பெட்ரோலிலேயே கலந்து ஊட்ட வேண்டும்,
முப்பத்து மூன்றுக்கு ஒன்று.
நீண்ட இறக்கத்தில் காலை எடுத்தால் பெட்ரோல் குறையும்,
கூடவே ஆயிலும் குறையும்,
வறண்ட தொண்டையோடு சுழன்று சுழன்று இறுகிவிடும்.
அதனால்தான் அதைச் செய்தவர்கள் ஒரு வழி வைத்தார்கள்:
கால் எழும்பியதும்
சக்கரங்கள் எஞ்சினைக் கைவிட்டுவிடும்.
அது தன் இடத்தில் முணுமுணுத்துக்கொண்டிருக்க
வண்டி தன்பாட்டுக்கு வழுக்கிப் போகும்.

வால்வோ அப்படியில்லை.
காலை எடுத்தாலும் இழுத்துப் பிடிக்கும்.
"அதுதான் பாதுகாப்பு" என்றான் சிக்ஸ்டன்.
இருபத்திரண்டு வருடமாக
அந்தச் சொல்லுக்கு நான் பதில் தேடுகிறேன்.

பிப்ரவரி. பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தெட்டு.
ஏரியின் பனித்தட்டு முக்கால் மீட்டர் தடிமன்.
எங்கள் படகுத்துறையிலிருந்து
எதிர்க்கரைச் சூட்டறை வரை ஓட்டம்;
ஜெயிப்பவர் முதலில் எடுக்கலாம்.
கலைமான் மேய்க்கும் அந்தே
கடிகாரத்தோடு அந்தக் கரையில் நின்றான்.

தாளில் இருந்ததை ஏரி படிக்கவில்லை.
அவனுடைய பின்சக்கரங்கள்
நின்ற இடத்திலேயே பனிக்கு மெருகேற்றிக்கொண்டிருந்தன.
என் எஞ்சின், இழுக்கும் சக்கரங்கள் மேலேயே
எடையை வைத்துக் குந்தியிருந்தது;
டப டப டப என்று, சோளம் பொரிகிறாற்போல, கிளம்பிவிட்டேன்.
பாதி ஏரியில் அவன் குதிரைகள் எல்லாம்
ஒரே நேரத்தில் விழித்துக்கொண்டன.
கண்ணாடியில் வால்வோவின் உருண்டை நெற்றி
வளர்ந்தது, வளர்ந்தது,
அதற்குள் கரை வந்துவிட்டது.

அந்தேயின் கணக்கில் நான்கு நொடி.
சிக்ஸ்டனின் கணக்கில் மூன்றேகால்.

நான் வால்வோவை எடுத்தேன்.

"ஏன்?"
பெட்ரோல் நிலையம் அறுபது கிலோமீட்டர்,
ஆயில் கலக்க எனக்குப் பொறுமையில்லை என்றேன்.
பெரும்பாலும் உண்மைதான்.

அவன் சாப்பில் போனான்.
மாதா கோயில் இறக்கத்தில் காலை எடுத்தது கேட்டது.
சத்தம் முணுமுணுப்பாகத் தாழ்ந்தது,
வேகம் குறையவில்லை.
நீலப் புகை மட்டும்
வேலிக்கு மேல் கொஞ்ச நேரம் நின்றது.

அந்தக் காலத்து பெல்ட் தானாகச் சுருளாது.
கடைசியாக உட்கார்ந்தவரின் அளவிலேயே கிடக்கும்.
நான் ஓட்ட, பக்கத்தில் அவன் வரைபடம் பிடிப்பான்;
அகன்ற தோள், கனத்த கோட்டு.

நேற்று பத்து கிலோ உருளைக்கிழங்கை
அந்த இருக்கையில் வைத்துப் பூட்டினேன்.
முதல் வளைவிலேயே
மூட்டை என் மேல் சாய்ந்தது.
வாரைக் குறுக்க இரண்டு நொடி போதும்.
திரும்பி வரும்போது பார்க்கலாம் என்று
இரண்டாம் கியரைப் போட்டேன்.